மலையேற்றம் ஒரு கணக்கு, கொடை ஒரு கணக்கு

கடிதம் எழுதியவருக்கு வயது 38. பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். வீட்டில் மனைவி, ஏழு வயது மகள், இவரை நம்பியிருக்கும் தாயார். நிலையான வேலை. முதல் சம்பளம் வாங்கிய மாதத்திலிருந்து வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை நன்கொடையாகக் கொடுத்து வருகிறார். அதில் பெரும்பகுதி, குழந்தைகளின் இதய அறுவைச் சிகிச்சைக்கு உதவும் ஓர் அறக்கட்டளைக்குப் போகிறது. இன்னொரு பக்கம், கடன் அட்டையில் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் அளவுக்கு நிலுவை நிற்கிறது. மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிறார். கையிருப்பு இரண்டு மாதச் செலவுக்குத் தாங்கும்.

அதே அறக்கட்டளையிடமிருந்து சில மாதங்களுக்கு முன் இவருக்கு ஓர் அழைப்பு வந்திருக்கிறது. ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ மலையில் ஏறுங்கள், உங்களை ஊக்குவிக்க நண்பர்கள் தரும் நன்கொடை குழந்தைகளுக்குப் போகும், குறிப்பிட்ட தொகையைத் திரட்டிவிட்டால் உங்களுக்குப் பயணம் இலவசம். நெடுநாள் மலை ஆசை உள்ளவர், திரும்பக் கிடைக்காத பதிவுக் கட்டணத்தைக் கட்டிச் சேர்ந்துவிட்டார். திரட்ட வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் வந்திருக்கிறது. மீதியைத் தனிநபர் கடன் வாங்கி நிரப்ப நினைக்கிறார். "நல்ல காரியத்துக்குப் போகும் பணம்தானே, இதைச் செலவு என்று எப்படிச் சொல்வது?" என்பது அவர் வாதம்.

கடன் அடையும்வரை மலையும் வேண்டாம், தர்மமும் வேண்டாம் என்கிறார் மனைவி. சாகச விளையாட்டு என்றாலே உயிரோடு விளையாடுவது என்கிறார் மைத்துனர். இவரை அதிகம் தைத்தது அலுவலக நண்பர் கேட்டதுதான்: "நீ ஊர் சுற்ற நான் ஏன் பணம் தர வேண்டும்?" இவர்களில் யார் சொல்வது சரி, கடன் வாங்கலாமா, விபத்து நேர்ந்தால் குடும்பத்தின் நிலை என்ன, மாதக் கொடையை நிறுத்த வேண்டுமா என்று நான்கு பக்கம் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

மூவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மூவரும் கொஞ்சம் மிகைப்படுத்தவும் செய்கிறார்கள். ஆனால் உங்கள் சிக்கல் அவர்களால் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மலை ஏற வேண்டும் என்பது உங்கள் ஆசை. குழந்தைகளுக்கு உதவ வேண்டும் என்பது உங்கள் மனச்சாட்சி. இரண்டையும் ஒரே பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டுவிட்டீர்கள். அதனால் ஆசைக்கு ஆகும் செலவு தர்மம் போலத் தெரிகிறது, தர்மம் செய்யும்போது சுற்றுலா போவதாகப் பழி வருகிறது. முடிச்சை அவிழ்த்துவிட்டால் உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

மூன்றாம் பக்கத்தில் இருப்பது

நீங்கள் இணைத்து அனுப்பிய விதிமுறைகளை முழுவதும் படித்தேன். முதல் இரண்டு பக்கங்களில் குழந்தைகளின் படமும் பனிமூடிய சிகரமும் இருக்கின்றன. பணத்தைப் பற்றிய செய்தி மூன்றாம் பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது: திரட்டப்படும் குறைந்தபட்சத் தொகையில் 48 சதவீதம் வரை பயண ஏற்பாட்டுக்குப் பயன்படுத்தப்படலாம். நான்கு வரி தள்ளி இன்னொன்று: புறப்படுவதற்கு எட்டு வாரம் முன்பு தொகை சேராவிட்டால், குறைவதைப் பங்கேற்பாளரே செலுத்த வேண்டும், இல்லையேல் விலக வேண்டும்.

இலக்கு 100 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். நண்பர்கள் தந்தது 33. கடன் வாங்கி நீங்கள் போடப்போவது 67. மொத்தத்தில் 48 பயணத்துக்குப் போகிறது, 52 அறக்கட்டளைக்குப் போகிறது. அந்த 52இல் 33 ஏற்கெனவே நண்பர்கள் தந்தது. ஆக, நீங்கள் வாங்கும் 67 ரூபாய்க் கடனில் குழந்தைகளைச் சேர்வது 19. உங்கள் விமானம், கூடாரம், வழிகாட்டி, சாப்பாட்டுக்குப் போவது 48. கடனில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் பயணச் செலவு, மூன்று பங்குக்கும் குறைவாகத்தான் நன்கொடை. "இதைச் செலவு என்று எப்படிச் சொல்வது" என்று கேட்டீர்களே, இப்படித்தான் சொல்ல வேண்டும்.

அதே கணக்கை வேறு மாதிரியும் போட்டுப் பாருங்கள். இத்தகைய பயணங்களை நடத்தும் அமைப்புகள் பலவும் சொந்தச் செலவில் வருவதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. அதில் நீங்கள் கட்டுவது 48. நண்பர்கள் தந்த 33 ஒரு காசு குறையாமல் சிகிச்சைக்குப் போகும். உங்கள் கையிலிருந்து போவது 67க்குப் பதில் 48. மிச்சப்படும் 19ஐ அறக்கட்டளைக்கே கொடுத்தாலும் பழைய ஏற்பாட்டில் கிடைத்த அதே 52 அவர்களுக்குக் கிடைத்துவிடும், ஆனால் அப்போது அது நீங்கள் தெரிந்து கொடுத்ததாக இருக்கும். அலுவலக நண்பரின் கேள்விக்கும் அன்றோடு இடமில்லாமல் போய்விடும்.

அவர் கேட்டதில் தவறில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். கேட்ட முறையில் கொஞ்சம் காரம் கூடிவிட்டது, அவ்வளவே. தன் பணம் எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை கொடுப்பவருக்கு உண்டு. நீங்கள் அனுப்பிய வேண்டுகோளில் "முழுத் தொகையும் குழந்தைகளுக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தைப் படிக்காமல் எழுதியதாகத்தான் இருக்க வேண்டும். இருந்தாலும் உண்மைக்கு மாறானதை நம்பிப் பணம் கொடுத்தவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும். இந்த வாரமே எல்லாருக்கும் இரண்டு வரி எழுதி நிலைமையைச் சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்பவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பல நாடுகளில் நன்கொடைக்கு வரிச்சலுகை உண்டு. ஆனால் கொடுத்ததற்கு ஈடாகப் பயணம் போல ஏதாவது கிடைத்தால், அந்த மதிப்புக்குச் சலுகை மறுக்கப்படுவது பொதுவான நடைமுறை. ரசீது கேட்பவர்களுக்கு அதையும் சொல்லிவிட வேண்டும்.

உடலை வருத்தித் திரட்டும் நிதி

இதைக் கேட்டு, சாகசத்தின் பேரில் நிதி திரட்டுவதே ஏமாற்று என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒருவர் உடலை வருத்திக்கொண்டு ஒரு நோக்கத்துக்காகக் கேட்கும்போது மக்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். கிறிஸ்டோபர் ஒலிவோலா, எல்டார் ஷஃபிர் என்ற இரு ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: விருந்து வைத்துத் திரட்டுவதைவிட, ஓடியும் வலியைத் தாங்கியும் திரட்டும்போது கொடுக்கும் மனம் பெருகுகிறது. 1981இல் தொடங்கிய லண்டன் மாரத்தான் வழியாக இதுவரை 100 கோடி பவுண்டுக்கு மேல் அறப்பணிகளுக்குச் சேர்ந்திருக்கிறது. ஓடுபவர் இல்லையென்றால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி வந்திருக்காது.

ஆனால் வருத்தம்தான் பணத்தை ஈர்க்கிறது, விமான டிக்கெட் ஈர்ப்பதில்லை. 2020இல் பிரிட்டனில் டாம் மூர் என்ற முன்னாள் ராணுவத்தினர், நூறாவது பிறந்தநாள் நெருங்கும் வேளையில், நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தன் வீட்டுத் தோட்டத்தில் நூறு முறை நடந்தார். மருத்துவ சேவைக்கான அறப்பணிகளுக்கு 3 கோடி பவுண்டுக்கு மேல் திரண்டது. பயணச் செலவு ஒன்றுமில்லை.

எதிர்ப்பக்க உதாரணமும் இருக்கிறது, இதை உங்கள் மைத்துனர் விரும்பிப் படிப்பார். ஸ்காட்லாந்தின் டேசைடு பகுதியில், நன்கொடைக்காக பாராசூட்டில் குதித்துக் காயமடைந்தவர்களின் ஐந்தாண்டுக் கணக்கை மருத்துவர்கள் எடுத்து 1999இல் வெளியிட்டார்கள். அப்படிக் குதித்தவர்களில் 11 சதவீதத்தினர் காயமடைந்திருந்தார்கள். ஒருவர் சராசரியாகத் திரட்டியது 30 பவுண்டு. திரட்டிய ஒவ்வொரு பவுண்டுக்கும் பொது மருத்துவச் சேவைக்கு ஆன செலவு 13 பவுண்டு 75 பென்ஸ். நன்கொடை திரட்டப் போய் மருத்துவமனைக்குப் பாரமான கதை! அறக்கட்டளைக்கு நல்லது நடக்கிறதா என்பது எவ்வளவு திரண்டது என்பதோடு முடிவதில்லை, அதற்கு என்ன செலவானது, அந்தச் செலவு யார் தலையில் விழுந்தது என்றும் பார்க்க வேண்டும்.

கடன் அட்டையும் பத்தில் ஒரு பங்கும்

உங்கள் கடிதத்தில் நான் நின்று படித்த இடம் இது. "தர்மத்தை நிறுத்தினால் எனக்கே என்னைப் பிடிக்காமல் போய்விடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த உணர்வை நான் மதிக்கிறேன். பிறருக்குச் செலவிடுவது கொடுப்பவருக்கும் மகிழ்ச்சி தருகிறது என்று எலிசபெத் டன்னும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் சயன்ஸ் இதழில் எழுதியது நினைவிருக்கிறது. ஆனால் நிலுவை நிற்கும்போது நீங்கள் கொடுப்பது உங்கள் பணம் அன்று. அட்டை கொடுத்த வங்கியிடம் வட்டிக்கு வாங்கி, அதைத் தர்மம் செய்கிறீர்கள். கொடை பெறுபவருக்கு 10 போகும்போது வங்கிக்கும் ஒரு பங்கு போகிறது. வங்கிக்குக் கொடை தேவையில்லை.

மாத வட்டி 3 சதவீதம் என்கிறீர்கள். மாத வருமானத்தை 100 என்று வைத்தால் நிலுவையும் 100. இப்போது நீங்கள் கட்டும் குறைந்தபட்சத் தொகை சுமார் 3; வட்டிக்கே அது சரியாகப் போகிறது, அசல் அசையவே இல்லை. இந்த 3ஐ விடாமல் கட்டிக்கொண்டு, அட்டையில் புதிதாக எதுவும் வாங்காமல், கொடையாகப் போகும் 10ஐயும் முழுவதும் கடனுக்குத் திருப்பினால் ஒன்பது மாதத்தில் அட்டை தீர்ந்துவிடும். பாதியைத் திருப்பினால் பதினாறு மாதம் ஆகும். எட்டைத் திருப்பி இரண்டை மட்டும் கொடைக்கு வைத்துக்கொண்டால் பதினொரு மாதம்.

நான் மூன்றாவதைச் சொல்வேன். கணக்குப்படி முதலாவதுதான் சிறந்தது, உங்கள் மனைவியும் அதைத்தான் கேட்கிறார். ஆனால் பதினைந்து ஆண்டுக்கு மேல் பழகிய ஒரு நல்ல வழக்கத்தை முற்றாக நிறுத்தினால் மறுபடி தொடங்குவது கடினம். வழக்கம் அறுபடாமல் இருக்க இரண்டு மாதம் கூடுதலாகக் கட்டுவது பெரிய விலை அன்று. அந்த இரண்டையும் ஒரே இடத்துக்கு, மாதந்தோறும் ஒரே தேதியில் கொடுங்கள். மாதாமாதம் தவறாமல் வரும் சிறு தொகையை நம்பித்தான் அறக்கட்டளைகள் திட்டம் போட முடியும். அட்டை தீர்ந்த பிறகு அந்த எட்டில் நான்கை அவசரகால நிதிக்கு ஒதுக்குங்கள். இரண்டு மாதக் கையிருப்பு உங்கள் குடும்பத்துக்குப் போதாது. ஒருவர் சம்பளத்தை மூவர் நம்பியிருக்கும் வீட்டில் ஆறு மாதச் செலவாவது இருக்க வேண்டும். மீதி நான்கு கொடைக்குத் திரும்பட்டும். பத்தில் ஒரு பங்கை எட்டக் கொஞ்ச காலம் ஆகும். ஆகட்டும்.

"கையில் இல்லாதபோதும் கொடுப்பதுதான் உண்மையான கொடை" என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. கொடையைக் கடமையாகவே விதித்திருக்கும் மரபுகள்கூட அப்படிக் கேட்பதில்லை. இஸ்லாத்தில் ஜகாத் என்பது செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கு. ஆனால் நிசாப் என்ற குறிப்பிட்ட அளவுக்கு மேல் செல்வம் ஓராண்டு தங்கியவர்களுக்குத்தான் அது கடமை. கொடுப்பவன் நிலைத்து நின்றால்தான் கொடையும் நிலைக்கும் என்பது விதி வகுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அறக்கட்டளையைத் தேர்ந்தெடுத்ததற்கு நீங்கள் சொல்லும் காரணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "நிர்வாகச் செலவு ஆறு சதவீதம்தான்" என்பதை ஒரு நற்சான்றிதழ் போல எழுதியிருக்கிறீர்கள். அந்த எண் மட்டும் ஒன்றும் சொல்லாது. கணக்காளருக்குச் சம்பளம் கொடுக்காத அமைப்பின் நிர்வாகச் செலவு குறைவாகத்தான் இருக்கும், கணக்கும் அப்படித்தான் இருக்கும். 2013 ஜூனில் அமெரிக்காவில் அறக்கட்டளைகளை ஆராயும் கைடுஸ்டார், சேரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் ஆகிய மூன்று அமைப்புகளும் சேர்ந்து, நிர்வாகச் செலவை மட்டும் அளவுகோலாக வைக்காதீர்கள் என்று நன்கொடையாளர்களுக்குத் திறந்த மடல் எழுதின. எத்தனை அறுவைச் சிகிச்சை நடந்தது, சிகிச்சைக்குப் பின் குழந்தைகளைத் தொடர்ந்து கவனிக்கிறார்களா, தணிக்கை செய்த கணக்கு கேட்டால் கிடைக்கிறதா என்று பாருங்கள். மலைப் பயணத்தின் 48 சதவீதம் அந்த ஆறு சதவீதத்துக்குள் வருகிறதா என்றும் கேளுங்கள். சுவையான பதில் வரக்கூடும்.

மரணத்தை எண்ணினீர்கள், கணுக்காலை எண்ணவில்லை

"எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஆயுள் காப்பீடு இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு ஆண்டுக்கு முன் எடுத்த பாலிசி, அப்போது கேட்ட கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் சொல்லியிருந்தால், இன்று மலை ஏறுவதால் மட்டும் பொதுவாகச் செல்லாததாகிவிடாது. இருந்தும் பாலிசிப் பத்திரத்தில் "விலக்குகள்" என்ற தலைப்பின் கீழ் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். விண்ணப்பப் படிவத்தின் நகல் இருந்தால் அதையும் எடுங்கள். ஆபத்தான விளையாட்டுகளில் ஈடுபடுகிறீர்களா, ஈடுபடும் எண்ணம் உண்டா என்ற கேள்வி பெரும்பாலான படிவங்களில் இருக்கும். அதற்கு என்ன எழுதினீர்கள்? "எண்ணம் உண்டா" என்ற பகுதியைத்தான் பலரும் கவனிக்காமல் "இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். காப்பீட்டில் தெரிந்ததை மறைக்கக் கூடாது என்ற விதி பழையது. 1766இல் மான்ஸ்ஃபீல்டு பிரபு கொடுத்த தீர்ப்பை இன்றும் வழக்கறிஞர்கள் காட்டுகிறார்கள். சுமத்ராவில் இருந்த ஒரு கோட்டையைக் காப்பீடு செய்த வழக்கு அது. அதில் தோற்றவர் காப்பீடு தந்தவர்தான் என்பது வேறு விஷயம்.

ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் மருத்துவக் காப்பீடு, விபத்துக் காப்பீடு ஆகியவற்றில் நிலைமை வேறு. ஒவ்வொரு புதுப்பித்தலும் ஒரு புதிய ஒப்பந்தம் போன்றது. பழக்கம் மாறியிருந்தால் அப்போது சொல்ல வேண்டியிருக்கும். பெரும்பாலான விபத்துக் காப்பீடுகள் சாகச விளையாட்டைப் பெயர் சொல்லியே விலக்கி வைத்திருக்கும். பயணக் காப்பீட்டில் பார்க்க வேண்டியது உயரம். மலை நடை என்று பொதுவாக எழுதியிருந்தாலும், எத்தனை மீட்டர் வரை என்று ஒரு வரம்பு இருக்கும். கிளிமஞ்சாரோவின் உச்சி 5,895 மீட்டர். உங்கள் பாலிசியின் வரம்பு 4,000 என்றால், உங்களுக்கு அதிகம் தேவைப்படும் கடைசி இரண்டு நாளில் அது கைவிட்டுவிடும். மீட்பு ஹெலிகாப்டர் செலவு சேர்ந்திருக்கிறதா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் "சேர்ந்துதான் சார் இருக்கிறது" என்று சொல்வது பின்னால் உதவாது.

இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று. ஆயுள் காப்பீடு உங்கள் சாவுக்குப் பணம் தரும். ஆனால் இத்தகைய பயணங்களிலிருந்து பெரும்பாலும் வீட்டுக்கு வருவது சாவுச் செய்தி அன்று. உடைந்த கணுக்கால், கிழிந்த முழங்கால் தசைநார், மூன்று மாதப் படுக்கை. உங்களுக்கு மருத்துவ விடுப்பு எத்தனை நாள்? அது தீர்ந்தபின் சம்பளம் வருமா? தனிநபர் கடன் தவணை அந்த மூன்று மாதமும் வந்துகொண்டே இருக்கும். இரண்டு மாதக் கையிருப்போடு இப்போது போகாதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். மலை ஆபத்தானது என்பதால் அன்று.

அபாயத்தைப் பற்றி மைத்துனரிடம் வாதாடப் போனால், எந்த விளையாட்டு, எந்த முறை என்று பிரித்துப் பேசுங்கள். டேசைடு கணக்கில் இருந்தது பெரும்பாலும் குறுகிய பயிற்சிக்குப் பின் முதல்முறை தனியே குதித்தவர்களின் கதை. பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிக்கும் முறையில், அமெரிக்க பாராசூட் சங்கத்தின் கணக்குப்படி, ஏறக்குறைய ஐந்து லட்சம் குதிப்புக்கு ஓர் உயிரிழப்பு. இரண்டுக்கும் பெயர் ஒன்று, அபாயம் வேறு.

அதேபோல நீங்களும் "கிளிமஞ்சாரோ வெறும் நடைதானே, கயிறுகூட வேண்டாம்" என்று எழுதியதைத் திருத்திக்கொள்ள வேண்டும். கயிறு வேண்டாம் என்பது சரி. உயரம் ஆளைப் பார்ப்பதில்லை. 3,000 மீட்டருக்கு மேல் போனால், இரவில் தூங்கும் இடத்தின் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம் என்பது மலை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. உங்கள் அழைப்பிதழில் இருக்கும் ஐந்து நாள் மராங்கு பாதையில் தங்குமிடங்கள் 2,720, 3,720, 4,720 மீட்டரில் இருக்கின்றன. நாளுக்கு ஆயிரம் மீட்டர்! ஒரு நாள் கூடுதலாக நடுவில் தங்கும் திட்டமும், ஏழெட்டு நாள் எடுக்கும் வேறு பாதைகளும் உண்டு. அவற்றுக்குச் செலவு கூடும், ஆனால் உச்சியைத் தொடுவதற்கும் உடம்பு கெடாமல் திரும்புவதற்கும் வாய்ப்பும் கூடும். பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவன்று. மலிவான பயணங்களில் முதலில் வெட்டுப்படுவது நாட்கள், அடுத்தது சுமைதூக்குபவர்களின் கூலி. குழந்தைகளுக்காக ஏறும் மலையில் இன்னொருவர் அரைக்கூலிக்கு உங்கள் மூட்டையைச் சுமந்து வந்தால் நன்றாகவா இருக்கும்? மாத்திரை, உடல்நிலை பற்றியெல்லாம் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். அது என் துறை அன்று.

கையெழுத்துப் போட்டால் உரிமை போய்விடுமா?

பொறுப்புத் துறப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டதால் இனி எதையும் கேட்க முடியாது என்று பயப்படுகிறீர்கள். அப்படி முழுவதுமாகக் கதவு அடைந்துவிடாது. மலை சறுக்கும், வானிலை மாறும் என்பன போன்ற இயல்பான அபாயங்களை நீங்கள் ஏற்றுக்கொண்டதாகத்தான் அந்தக் கையெழுத்துக்குப் பொருள். வழிகாட்டி செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டால் அது வேறு. பிரிட்டனில் 1977ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே, தன் அலட்சியத்தால் ஒருவருக்கு நேரும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ பொறுப்பில்லை என்று ஒரு நிறுவனம் எழுதி வாங்கினாலும் செல்லாது. வேறு பல இடங்களிலும் கொடும் அலட்சியத்தை இப்படி மூடி மறைக்க முடியாது, ஆனால் விதி இடத்துக்கு இடம் மாறும். உங்கள் படிவத்தில் இரண்டு இடத்தை மட்டும் பாருங்கள்: ஒப்பந்தம் அறக்கட்டளையோடா, பயண நிறுவனத்தோடா, தகராறு வந்தால் எந்த நாட்டு நீதிமன்றம். இரண்டாவதற்குத் தொலைவான ஊர் எழுதியிருந்தால், உரிமை காகிதத்தில் இருக்கும், கைக்கு வராது. ஒரு வழக்கறிஞரிடம் அரைமணி நேரம் காட்டுவது வீண்செலவாகாது.

இனி செய்ய வேண்டியது

முதலில், தனிநபர் கடன் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஒரு கடனுக்கு 3 சதவீத வட்டி கட்டிக்கொண்டு, இன்னொரு கடனில் மலை ஏறுவதற்கு எந்த நோக்கமும் நியாயமாகாது.

அடுத்து, அறக்கட்டளைக்கு எழுத்தில் கேளுங்கள்: என் இடத்தை அடுத்த ஆண்டுக்கு மாற்ற முடியுமா, சொந்தச் செலவு முறைக்கு மாற முடியுமா, இதுவரை திரண்டதை முழுவதும் சிகிச்சைக்கே எடுத்துக்கொள்வீர்களா. எட்டு வாரக் கெடுவுக்கு முன்னால் கேட்டால்தான் பேரம் பேச இடம் இருக்கும். மாற்ற முடியாது என்றால் விலகிவிடுங்கள். பதிவுக் கட்டணம் போய்விடுமே என்பீர்கள். அது ஏற்கெனவே போய்விட்டது. மீட்கப் போவதாக எண்ணி அதன் பின்னால் இன்னும் பணம் அனுப்ப வேண்டாம்.

பிறகு உங்கள் மனைவியிடம் உட்கார்ந்து பேசுங்கள். மலையும் வேண்டாம், தர்மமும் வேண்டாம் என்று அவர் சொல்வது, உங்களை இரண்டும் சேர்ந்து இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்துத்தான். அவர் எதிர்ப்பது மலையையா, கேட்காமல் எடுத்த முடிவையா என்பது உங்கள் கடிதத்தில் எனக்குத் தெளிவாகவில்லை. பதிவுக் கட்டணம் கட்டியபின்தான் அவரிடம் சொன்னேன் என்று ஒரு வரி போகிற போக்கில் வருகிறது. பதினொரு மாதத்தில் அட்டை தீரும், பிறகு ஆறு மாதச் செலவு சேரும், அதற்குப் பின் மலைக்கென்று தனியாக ஒரு சேமிப்பு என்ற வரிசையை அவர் முன்னால் வையுங்கள். அவர் அதில் ஏதாவது மாற்றச் சொன்னால் மாற்றுங்கள். அந்தத் தனிச் சேமிப்பில் போடும் பணத்துக்கு யாரிடமும் நியாயம் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் கார் வாங்குவார், ஒருவர் மலை ஏறுவார். சம்பாதித்ததில் ஒரு பங்கைத் தன் ஆசைக்குச் செலவிடுவதற்குத் தர்மத்தைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம்.

கடைசியாக, பாராகிளைடிங் கற்றுக்கொள்ளலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். மலைக்குச் சொன்ன அதே வரிசைதான் இதற்கும். அதற்கு முன் அருகில் எங்காவது பயிற்றுநரோடு சேர்ந்து ஒருமுறை பறந்து பாருங்கள், பிடிக்காமலும் போகலாம். பிடித்துவிட்டால், பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது தொடக்கநிலையினருக்கான ஈ.என். ஏ என்ற ஐரோப்பியத் தரச்சான்று உள்ள இறக்கைதான் கொடுக்கிறார்களா, மாற்று பாராசூட்டைக் கடைசியாக எப்போது பிரித்து மடித்தார்கள், காற்று சரியில்லை என்று வகுப்பை ரத்து செய்தால் பணம் திரும்ப வருமா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு "இல்லை" என்று சொல்லும் இடத்தில் சேராதீர்கள். ரத்து செய்தால் நஷ்டம் யாருக்கு என்பதைப் பொறுத்துத்தான், காற்று சரியில்லாத நாளில் நீங்கள் பறக்க வேண்டியிருக்குமா இல்லையா என்பது முடிவாகும்.